ராணுவ லாரியில் வின்ச் ஷாஃப்ட் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன் பம்பரில் வின்ச் (கம்பி வடத்தைச் சுருட்டிச் சுமையை இழுக்கும் கருவி) இருக்கிறது, கேபினில் அதற்கான லீவரும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஓட வேண்டிய ஷாஃப்டை மட்டும் காணோம். படையிலிருந்து கழித்துவிடப்பட்ட கனரக லாரியை வாங்கிய பலருக்கு இதுதான் நிலைமை. சிலருக்கு ஷாஃப்ட் இருக்கும், ஆனால் துருப்பிடித்து ஒரே கட்டையாகிக் கிடக்கும். இன்னும் சிலருக்கு முன்பு வைத்திருந்தவர் கைக்குக் கிடைத்த போல்டைப் போட்டு எப்படியோ ஓட்டிவிட்டுப் போயிருப்பார். இந்த மூன்று வகை ஆட்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் அமெரிக்க எம்35ஏ2 (இரண்டரை டன்), எம்809 வரிசை (ஐந்து டன்) லாரிகளைச் சொல்கிறேன். கியர்பாக்ஸிலிருந்து இரும்பு ஷாஃப்ட் வழியாக வின்ச்சைச் சுற்றும் எந்த லாரிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

இந்த ஷாஃப்ட் எங்கிருந்து எங்கே போகிறது?

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப், எஞ்சின் சக்தியை வெளியே எடுத்துத் தருவது) என்று ஒரு சின்னப் பெட்டி போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கேபின் லீவரைத் தள்ளினால் அதற்குள் இருக்கும் பல்சக்கரம் கியர்பாக்ஸின் பல்சக்கரத்தோடு சேரும். அதிலிருந்து வெளியே வரும் தண்டில் ஷாஃப்டின் பின்முனை உட்காருகிறது. ஷாஃப்ட் அங்கிருந்து சேசிஸை ஒட்டி, அதன் குறுக்குச் சட்டங்களான கிராஸ் மெம்பர்களைத் தாண்டி, முன் ஆக்சிலுக்கு மேலாகப் போய் வின்ச்சின் வோர்ம் தண்டில் (திருகுப் பல் உள்ள நுழைவுத் தண்டு) முடிகிறது. இரண்டு முனையிலும் கோணத்தில் சுற்ற விடும் யூனிவர்சல் ஜாயின்ட் (கிராஸ் என்ற சிலுவைத் துண்டும், அதைப் பிடிக்கும் யோக் என்ற இரு காதுள்ள கவைகளும் சேர்ந்தது), வழியில் எங்காவது ஒரு ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பள்ளம் வெட்டிய இணைப்பு), வின்ச் முனை யோக்கில் குறுக்கே ஒரு ஷியர் பின் (சுமை மீறினால் வெட்டுப்படும் ஆணி).

எல்லா லாரியிலும் வின்ச் முன்னால்தான் இருக்கும் என்றில்லை. சோவியத் யூரல்-4320ல் அது பின்பக்கம். அதற்குப் பல துண்டு ஷாஃப்ட்களும் இடையில் தாங்கு பேரிங்குகளும் வேண்டியிருக்கிறது. துண்டு எத்தனையானாலும் கீழே சொல்லும் விதிகள் ஒவ்வொரு துண்டுக்கும் பொருந்தும்.

என் லாரியில் இது தேவையே இல்லாமலும் இருக்கலாமா?

இருக்கலாம், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எம்809க்கு அடுத்து வந்த எம்939 வரிசையில் முன் வின்ச் ஹைட்ராலிக். எண்ணெய்க் குழாய்கள் வின்ச் வரை போகும், நீளமான ஷாஃப்ட் கிடையாது. வின்ச் பெட்டியின் நுழைவுத் தண்டைப் பாருங்கள். குறுக்கே துளை போட்ட வெற்றுத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஷாஃப்ட் வகை, தடித்த ரப்பர் குழாய்கள் இரண்டு வந்து சேரும் மோட்டார் இருந்தால் ஹைட்ராலிக்.

ஷாஃப்டே இல்லை. நீளத்தை எப்படி அளப்பது?

லாரி நான்கு பக்கமும் டயரில், சமதரையில் நிற்கட்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் தங்கள் மவுண்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும், வின்ச்சின் எல்லா போல்ட்டும் இறுகியிருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டும், மவுண்ட் கழன்ற நிலையிலும் அளந்த அளவை நம்ப முடியாது.

யோக்குகளை அதனதன் தண்டில் சரியாக உட்காரவைத்து, ஒரு ஜாயின்ட் கிராஸின் மையத்திலிருந்து மறு கிராஸின் மையம் வரை அளக்க வேண்டும். இதற்கு நல்ல வழி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். லாரிக்கு அடியில் அவற்றை நீட்டி, இரு முனையும் சேர்ந்தவுடன் குறி போட்டு வெளியே எடுத்து அளக்கலாம். நாடாவை நேராகப் பிடிக்க வழியில் ஏதாவது ஒரு கிராஸ் மெம்பர் தடுத்துக்கொண்டேயிருக்கும்.

வந்த அளவில் ஸ்ப்ளைன் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அடுத்தது. முழுதாக உள்ளே போன நிலைக்கும் முழுதாக வெளியே வந்த நிலைக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கட்டும். இரு பக்கமும் குறைந்தது 25 மி.மீ. நகர இடம் வேண்டும். ஸ்ப்ளைன் முழுக்க உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும் ஷாஃப்டை யாராவது "கச்சிதமாக இருக்கிறது" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

வின்ச்சும் அசைவதில்லை, கியர்பாக்ஸும் அசைவதில்லை. ஸ்ப்ளைன் எதற்கு?

இரண்டுமே அசைகின்றன. ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் அளவுக்கு இல்லை என்பது உண்மைதான், அதனால்தான் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது. கரடுமுரடான இடத்தில் போகும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது, இந்த வகை லாரிகளின் சேசிஸ் அப்படி நெளியும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. வின்ச் இழுக்கும்போது பம்பர் பக்கச் சட்டமே கொஞ்சம் இழுபடும். ஸ்ப்ளைன் துருப்பிடித்து நகராமல் போனால் அந்த அசைவு முழுவதும் தண்டு வழியாகத் தள்ளு விசையாகப் பி.டி.ஓ. பேரிங்கின் மீது விழுகிறது. முதலில் சீல் கசியும், அப்புறம் பேரிங் போகும், கடைசியில் வார்ப்புப் பெட்டியே விரிசல் விடும். பி.டி.ஓ.வில் எண்ணெய் ஒழுகுகிறது என்று சீலை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்கள் ஒருமுறை ஸ்ப்ளைனைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். கையால் நகரவில்லை என்றால் காரணம் அங்கேதான்.

இரு முனை யோக்கும் ஒரே நேரில் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஷாஃப்டின் மீதே இருக்கும் இரண்டு யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கோணத்தில் ஓடும் ஒற்றை யூனிவர்சல் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். 10 பாகைக் கோணத்தில் அந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சுமார் 1.5 சதவீதம். 20 பாகையில் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும், 30 பாகையில் கூடுதல் பக்கம் 15 சதவீதம் வரை போகும். மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்தில், காதுகள் நேராக இருந்தால் முதல் ஜாயின்ட் செய்த ஏற்ற இறக்கத்தை இது சரிக்கட்டிவிடும். காதுகள் 90 பாகை திரும்பியிருந்தால் சரிக்கட்டுவதற்குப் பதிலாக இரட்டிப்பாக்கும். அப்படி மாட்டிய வின்ச் சுமையில்லாமல் ஓடும்போதே "டக் டக்" என்று தட்டும், ஷியர் பின் காரணமே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும்.

ஸ்ப்ளைனைப் பிரித்து மறுபடி சேர்க்கும்போதுதான் இது தவறிப்போகிறது. பிரிப்பதற்கு முன் இரு பாதியிலும் பெயின்ட்டாலோ சென்டர் பஞ்ச் அடித்தோ குறி போட்டுவிடுங்கள். சில ஷாஃப்ட்களில் அம்புக்குறி ஏற்கெனவே அடித்திருக்கும், துருவைச் சுரண்டினால் தெரியும்.

எவ்வளவு கோணம் வரை போகலாம்?

இரண்டு விஷயம். முதலாவது, இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். வின்ச் தண்டும் அதே சாய்வில், பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருந்தால் கோணங்கள் தானாகச் சமமாகும். வேறு லாரியின் வின்ச்சைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். கோணமானியைத் தண்டின் மீது வைத்தால் போதும்.

இரண்டாவது, மேல் கீழ்க் கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு இட வலக் கோணத்தை விட்டுவிடக் கூடாது. பி.டி.ஓ. பக்கவாட்டில் இருக்கிறது, வின்ச் தண்டு வேறு கோட்டில் இருக்கிறது, ஆகவே ஷாஃப்ட் இரண்டு விதமாகவும் சாய்ந்துதான் போகும். மேல் கீழாக 6 பாகை, பக்கவாட்டில் 8 பாகை என்றால் ஜாயின்ட் உணர்வது ஏறக்குறைய 10 பாகை (இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்). மெதுவாக ஓடும் வின்ச் ஷாஃப்டுக்கு 10, 12 பாகை வரை நான் கவலைப்பட மாட்டேன். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் வைத்து இரு துண்டாக்குவதை யோசிப்பேன். சுத்தமாகப் பூஜ்யமும் நல்லதில்லை. கோணமே இல்லாவிட்டால் கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்தி வடு போட்டுவிடும். ஒரு பாகையாவது இருக்கட்டும்.

கடையில் கிடைக்கும் உருட்டுக் கம்பியில் ஷாஃப்ட் செய்துகொள்ளலாமா?

குறுகிய நீளத்துக்குச் சரி. நீளமானால் கவனம். நீண்ட ஷாஃப்டுக்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தை எட்டினால் நடுவில் வில்லாக வளைந்து சாட்டை போல வீச ஆரம்பிக்கும். இரும்புக்குக் கணக்கு எளிது. கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து 12 கோடியால் பெருக்கி, நீளத்தின் (அதுவும் மி.மீ.) வர்க்கத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று வரும். 32 மி.மீ. கம்பி, 2 மீட்டர் நீளம் என்றால் 960 சுற்று! எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினாலே பல பி.டி.ஓ.க்கள் அந்த வேகத்தை எட்டிவிடும். அதே நீளத்துக்கு 60 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாய் என்றால் 2,400ஐத் தொடுகிறது. குழாய்க்கு விட்டம் என்ற இடத்தில் வெளிவிட்ட வர்க்கத்தையும் உள்விட்ட வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் போட வேண்டும். வந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழேயே ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் பாதியானால் இந்த வேகம் நான்கு மடங்காகும். கம்பெனிக்காரன் நடுவில் தாங்கு பேரிங் வைத்திருந்தால் அதற்கு இதுதான் காரணம், தேவையில்லாத பாகம் என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வெட்டி ஒட்டி நீளத்தைச் சரிசெய்தால் வெல்டிங்குக்குப் பிறகு லேத்தில் மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் ஆட்டம் அரை மி.மீ.க்குள் இருந்தால் வின்ச் வேலைக்கு எனக்குச் சம்மதம்.

ஷியர் பின்னுக்குப் பதில் நல்ல உறுதியான போல்ட் போட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஷியர் பின் உடைவதற்காகவே வைக்கப்பட்டது. மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை இது செய்கிறது. லாரி புதைந்திருக்கும்போதோ, கம்பி வடம் எதிலாவது மாட்டிக்கொண்டபோதோ, எஞ்சின் தன் முழு முறுக்கையும் ஷாஃப்டில் கொடுக்கும். அந்தத் தொடரில் ஏதோ ஒன்று உடைந்தே தீரும், அது எது என்று தீர்மானிப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. சரியான பின் இருந்தால் பின் உடையும். இல்லாவிட்டால் வோர்ம் சக்கரத்தின் பல், வின்ச் பெட்டி, பி.டி.ஓ. அல்லது வடம். வடம் அறுந்து பின்னால் வீசினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்காகப் பார்ப்போம். தண்டு 32 மி.மீ., பின் 6 மி.மீ., சாதாரண மென்னிரும்பு என்று வைத்துக்கொள்வோம். பின் தண்டைக் குறுக்கே துளைத்துப் போவதால் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும். மென்னிரும்பின் வெட்டு வலிமை ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 240 நியூட்டன். பின்னின் குறுக்குப் பரப்பு 28 சதுர மி.மீ. சொச்சம். இதன்படி அந்தப் பின் ஏறக்குறைய 215 நியூட்டன் மீட்டர் முறுக்கில் உடையும். இப்போது அதே துளையில் 8.8 தர (உறுதி கூடிய) போல்ட்டைப் போடுங்கள், உடையும் முறுக்கு இரட்டிப்பாகி 430ஐத் தாண்டுகிறது. துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது என்று 8 மி.மீ.க்குத் துளைத்து அதே தர போல்ட்டைப் போட்டால் 770. மூன்றரை மடங்கு! எம்35ஏ2வின் வின்ச் 10,000 பவுண்டு (சுமார் 4,500 கிலோ) இழுக்கச் செய்யப்பட்டது, ஐந்து டன் லாரியினுடையது 20,000 பவுண்டு. அதன் வடம், கொக்கி, பெட்டி, சட்டத்தோடு சேர்க்கும் போல்ட் எல்லாம் அந்த அளவை மனதில் வைத்துச் செய்தவை. மூன்றரை மடங்கைத் தாங்குவதற்கு அவற்றில் எதுவும் ஒத்துக்கொள்ளாது.

மேலே சொன்ன தண்டு, பின் அளவுகள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் லாரியின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வின்ச்சுக்கு எந்த உலோகம், என்ன விட்டம் என்பது அந்த லாரியின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். எம்35 வரிசைக்கு டிஎம் 9-2320-209, எம்809 வரிசைக்கு டிஎம் 9-2320-260. சரியான பின்னை ஒரு டஜன் வாங்கிக் கேபினில் போட்டு வையுங்கள். காட்டில் பின் உடைந்து கையில் மாற்றுப் பின் இல்லாத நேரத்தில்தான் எல்லாருக்கும் போல்ட் யோசனை வருகிறது.

சரியான பின் போட்டிருக்கிறேன், அது போதுமா?

போதாது. பின் உடைந்த பிறகு யோக் தண்டின் மீது வழுக்கிச் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் வின்ச் முனை யோக்கில் கீ (யோக்கைத் தண்டோடு பூட்டும் சின்னக் கட்டை) கிடையாது, பின் மட்டும். பல ஆண்டுகள் மழையில் நின்ற லாரியில் அந்த யோக் தண்டோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். அப்போது பின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், முறுக்கு துரு வழியாகவே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து.

சோதிப்பது எளிது. பின்னை எடுத்துவிட்டு யோக்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். தண்டு அசையாமல் யோக் மட்டும் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கழற்றியே ஆக வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு இரவு விட்டு, புல்லர் வைத்து இழுங்கள், அதற்கும் வராவிட்டால் யோக்கைச் சுற்றிலும் சமமாகச் சூடேற்றி இழுங்கள். தண்டின் முனையில் சம்மட்டியால் அடிக்க வேண்டாம், அடி நேராக வோர்மின் தள்ளு பேரிங்குக்குப் போகும். கழன்றதும் தண்டையும் யோக் துளையையும் எமரித்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி, விரலால் சுற்றினால் சுற்றும்படி மாட்டுங்கள். பின் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். அது பின்னை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும்.

மாட்டும்போது எந்த முனையை முதலில்?

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் போட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பி.டி.ஓ. லீவரை நியூட்ரலில் வைத்த பிறகு அடியில் போங்கள். ஷாஃப்டின் கனத்தைக் கையில் தாங்கிக்கொண்டு துளை பார்க்க முடியாது. நடுவில் ஒரு பட்டையைச் சேசிஸிலிருந்து தொங்கவிட்டு அதில் படுக்கவையுங்கள்.

நான் பி.டி.ஓ. முனையை முதலில் மாட்டுவேன். அங்கே பெரும்பாலும் கீயும் செட் ஸ்குரூவும் இருக்கும். கீ தொளதொளவென்று இருந்தால் புதிது போடுங்கள். செட் ஸ்குரூவை இறுக்கியபின் கம்பி கட்டிப் பூட்டுங்கள், அதிர்வில் கழன்று வரும் முதல் பாகம் அதுதான். அடுத்து நடுப் பேரிங் இருந்தால் அதன் போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, ஸ்ப்ளைனைச் சுருக்கி வின்ச் முனையைத் தண்டில் ஏற்றி, துளைகளை நேராக்கி, கடைசியாகப் பின். பின் கையால் நுழைய வேண்டும். அடித்து இறக்க வேண்டியிருந்தால் துளைகள் நேராக இல்லை என்று பொருள். அது தானாக வெளியே வராமல் இருக்க ஸ்ப்ளிட் பின் போட வேண்டிய இடத்தில் போடுங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு ஷாஃப்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுப் பேரிங் தன் இடத்தைத் தேடிக்கொண்டபின் அதை இறுக்குங்கள்.

உடனே வெளியே வந்துவிடாமல் ஷாஃப்டின் முழு நீளத்தையும் பாருங்கள். முன் ஆக்சில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்போது ஷாஃப்டுக்கு இடம் இருக்குமா? ஸ்டீரிங் கம்பி முழு இடமும் முழு வலமும் திரும்பும்போது? பிரேக் குழாய், மின் கம்பி ஏதாவது தொங்குகிறதா? நிற்கும் லாரியில் விரல்கடை இடைவெளி இருந்தால் அது போதாது.

கிராஸ் கொஞ்சம் ஆடுகிறது, மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். கையால் உணரும் ஆட்டம் இருந்தால் ஊசிகள் தேய்ந்துவிட்டன. சர்க்ளிப்பை (பிடிப்பு வளையம்) எடுத்து, சுத்தியலைத் தவிர்த்து வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினால் ஊசி பேரிங் இருக்கும் கிண்ணம் அழகாக வெளியே வரும். புதிதை ஏற்றும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்தாலும் கிண்ணம் முழுதாக உட்காராது, சர்க்ளிப் பள்ளத்துக்குள் போகாது. அப்போது அழுத்தத்தைக் கூட்டாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். புது கிராஸை அளவு பார்த்து வாங்குங்கள், வண்டிப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். கிண்ணத்தின் விட்டம், இரு கிண்ணங்களின் வெளிமுனைகளுக்கு இடையே உள்ள தூரம், இந்த இரண்டும் போதும். கிரீஸ் நிப்பிள் துப்பாக்கி எட்டும் பக்கமாகத் திரும்பியிருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

அடியில் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சின். 540 சுற்றில் ஓடும் ஷாஃப்ட் நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. தொங்கும் சட்டை நுனியோ கயிறோ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. சுற்றும் ஷாஃப்டைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள், தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே வளைவு தெரியும்.

முதலில் டிரம்மின் (வடம் சுற்றும் உருளை) கிளட்சை விடுவித்து வைத்து, எஞ்சின் ஐடிலில் ஷாஃப்டை மட்டும் ஓட்டுங்கள். தட்டும் சத்தம், ஆட்டம் இல்லையென்றால் நிறுத்தி, டிரம்மைச் சேர்த்து, சுமையில்லாமல் வடத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். லீவர் காட்டும் திசையில்தான் டிரம் சுற்றுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேறு பி.டி.ஓ. மாட்டியிருந்தால் திசை மாறியிருக்க வாய்ப்புண்டு. இந்த வின்ச்களில் பிரேக் ஒரு திசையில்தான் முழுதாகப் பிடிக்கும், ஆகவே திசை மாறினால் சுமை பின்வாங்கும். அதற்கப்புறம் லேசான சுமை, பிறகு நிஜ வேலை. எந்த நிலையிலும் டிரம்மில் ஐந்து சுற்றாவது வடம் மிச்சம் இருக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பின் அடிக்கடி உடைகிறதே?

பின்னைக் குறை சொல்வதற்கு முன் டிரம்மில் எவ்வளவு வடம் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். பின் முறுக்கைப் பார்த்து உடைகிறது, இழுவையைப் பார்த்து அல்ல. வெறும் டிரம்மின் முதல் அடுக்கில் வடம் மையத்திலிருந்து 70 மி.மீ.யில் இருந்தால் நான்காவது அடுக்கில் 100 மி.மீ.யைத் தாண்டியிருக்கும். அதே முறுக்குக்கு இழுவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். வின்ச்சின் மீது எழுதியிருக்கும் 10,000 பவுண்டு முதல் அடுக்குக்கான எண். பக்கத்தில் இருக்கும் மரத்தில் கட்டி, டிரம் நிறைய வடத்தை வைத்துக்கொண்டு இழுத்தால் பின் உடையத்தான் செய்யும். வடத்தை நிறைய விட்டு தூரத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு கப்பியைப் போட்டு வடத்தை இரட்டையாக்குங்கள்.

இன்னொரு காரணம் எஞ்சின் கிளட்ச் பெடலைச் சடாரென்று விடுவது. தொய்வாகக் கிடக்கும் வடம் திடீரென விறைத்தால் அந்த அதிர்ச்சி பின்னுக்குப் போகிறது. தொய்வை மெதுவாக எடுத்து, வடம் விறைத்த பிறகு சுமையைக் கொடுங்கள். இவை இரண்டும் இல்லையென்றால் யோக் காதுகளின் நேர், பின் துளையின் தேய்மானம், வின்ச் பிரேக் அதிகமாக இறுக்கப்பட்டிருப்பது என்று வரிசையாகப் பாருங்கள்.

சாலையில் போகும்போது ஷாஃப்ட் சுற்றுகிறது என்று பின்னால் வந்தவர் சொன்னார். பரவாயில்லையா?

உடனே நிறுத்துங்கள். பி.டி.ஓ. நியூட்ரலில் இருந்தால் ஷாஃப்ட் அசையக் கூடாது. லீவர் தானாக உள்ளே விழுந்திருக்கிறது. கொக்கி பம்பரில் மாட்டியிருக்கும், வின்ச் அதை இழுக்கும், பின் உடைந்தால் அதோடு போயிற்று, போல்ட் போட்டிருந்தால் பம்பரே மடங்கும். எம்35 போன்ற லாரிகளில் இதற்காகவே லீவரைப் பிடித்து நிறுத்தும் பூட்டுத் தகடு ஒன்று தரையில் இருக்கும். அது காணாமல் போயிருந்தால் ஷாஃப்ட் மாட்டுவதற்கு முன்பே அதைச் செய்து வையுங்கள். இருந்தும் இப்படி நடந்தால் லீவரிலிருந்து பி.டி.ஓ.வுக்குப் போகும் இணைப்புக் கம்பியின் நீளம் சரியில்லை, அல்லது பி.டி.ஓ.வுக்குள் நிறுத்தும் ஸ்பிரிங் பலமிழந்துவிட்டது.

வின்ச் பயன்படுத்துவதே அபூர்வம். ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடலாமா?

தாராளமாக. கழற்றிய ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் கிரீஸ் பூசித் துணி சுற்றி உலர்ந்த இடத்தில் படுக்கவையுங்கள். இரு பாதியும் ஒரே ஜோடியாக, குறி நேராகச் சேர்ந்தே இருக்கட்டும். பி.டி.ஓ. தண்டுக்கும் வின்ச் தண்டுக்கும் ரப்பர் மூடி போடுங்கள். லீவரைப் பூட்டி வையுங்கள். கழற்றிய யோக்கை லாரியிலேயே தொங்கவிட்டு ஓட்ட வேண்டாம்.

லாரியிலேயே விட்டுவைப்பதானால் மாதம் ஒருமுறை வடத்தைக் கொஞ்சம் விட்டு இழுத்து, வின்ச்சைச் சுமையில்லாமல் சில நிமிடம் ஓட்டுங்கள். ஆற்றில் இறங்கி ஏறிய நாளில் மூன்று இடத்துக்கும் புது கிரீஸ்: இரு கிராஸ், ஸ்ப்ளைன், வின்ச் முனை யோக்கின் உள்துளை. நிப்பிளில் பழைய கிரீஸ் நிறம் மாறி வெளியே வந்து, பின்னாலேயே சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். கிராஸின் நான்கு கிண்ணத்திலும் வெளியே வர வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் ஷாஃப்டை லேசாக ஆட்டிக்கொண்டே அடித்துப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் அந்தக் கிராஸை அடுத்த முறை வின்ச்சைத் தொடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.